டிரைவரைத் தூக்கிய ஆன்டிவைரஸ்: சர்வர் விழுந்த நாளில் முன்னுக்கு வருவது எப்படி?

இன்ஃப்ரா சப்போர்ட் வேலையில் எல்லாம் ஒழுங்காக ஓடும் மாதங்களில் உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. சர்வர்கள் விழுந்த நாளில் நிலைமை வேறு. பிரிட்ஜ் காலில் யார் தெளிவாகப் பேசினார், யார் கைவைத்து மெஷின் எழுந்தது என்பதை கிளையன்ட்டின் வைஸ் பிரசிடென்ட் வரை கவனிக்கிறார்கள். அப்ரைசல் நேரத்தில் மேனேஜரின் நினைவில் நிற்பது அந்த ஒரு நாள்தான்.

அப்படிப்பட்ட நாட்களிலேயே அதிகம் குழப்புவது, காவலுக்கு வைத்த ஆன்டிவைரஸே நல்ல டிரைவர் ஒன்றை வைரஸ் என்று முடிவுகட்டித் தூக்கிவிடும் நாள். வெளியிலிருந்து யாரும் தாக்கவில்லை. ஹார்டுவேர் பழுதில்லை. நீங்களும் எதையும் மாற்றவில்லை. ஆனாலும் ஸ்டோரேஜ் டிரைவரையோ நெட்வொர்க் டிரைவரையோ காணோம். இதைத்தான் ஃபால்ஸ் பாசிட்டிவ் என்கிறோம்.

எப்போதோ நடப்பதுதானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட 5958 என்ற டெஃபனிஷன் ஃபைல், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-இல் இருந்த எஸ்விசிஹோஸ்ட் என்ற முக்கியமான சிஸ்டம் ஃபைலையே வைரஸாகக் கணித்தது. மெஷின்கள் திரும்பத் திரும்ப ரீபூட் ஆயின. நெட்வொர்க்கும் போனதால் ரிமோட்டில் சரிசெய்ய வழியில்லை. ஒவ்வொரு மெஷினுக்கும் ஆள் நேரில் போக வேண்டியிருந்தது. 2012 செப்டம்பரில் சோஃபோஸ் தன்னுடைய அப்டேட்டரையே மால்வேர் என்றது. திருத்தம் வந்து சேர வேண்டிய வழியே அதனால் அடைபட்டது. 2017 ஏப்ரலில் வெப்ரூட் விண்டோஸ் சிஸ்டம் ஃபைல்களை குவாரன்டைனுக்கு அனுப்பியது. 2023 ஜனவரி 13 அன்று மைக்ரோசாஃப்ட் டிஃபென்டரின் ஒரு விதி தவறாக வேலைசெய்து, அலுவலகக் கணினிகளின் ஸ்டார்ட் மெனுவிலும் டெஸ்க்டாப்பிலும் இருந்த ஷார்ட்கட்களை அழித்தது.

2024 ஜூலை 19-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கிரவுட்ஸ்டிரைக் விவகாரம் கறாராகச் சொன்னால் ஃபால்ஸ் பாசிட்டிவ் இல்லை; ஒரு பழுதான கான்ஃபிகரேஷன் ஃபைல் அந்த நிறுவனத்தின் சொந்த கெர்னல் டிரைவரையே விழவைத்தது. ஆனால் மீட்புவேலை அச்சாக இதேதான். இந்திய நேரம் காலை 9:39-க்கு அந்த ஃபைல் வெளியானது, 10:57-க்குத் திரும்பப் பெறப்பட்டது. அந்த 78 நிமிடத்தில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நம் ஏர்போர்ட்டுகளில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் மற்ற ஏர்லைன்கள் ஓரிரு நாட்களில் எழுந்துவிட, டெல்டா மட்டும் ஐந்து நாட்களில் ஏறத்தாழ 7,000 விமானங்களை ரத்துசெய்தது. 40,000 சர்வர்களைக் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது என்றார் அதன் தலைமை நிர்வாகி எட் பாஸ்டியன். எல்லோருக்கும் வந்தது ஒரே கோளாறு. எழுந்த வேகம்தான் வேறுபட்டது. சந்தையில் விலை இருப்பது இந்த எழுப்பும் திறமைக்குத்தான். இனி அதை வரிசையாகப் பார்க்கலாம்.

1. ரீபூட்டைத் தடுங்கள்.

முதல் ஐந்து நிமிடத்தில் நல்ல எஞ்சினியரையும் சுமாரான எஞ்சினியரையும் பிரிப்பது இதுதான். டிரைவர் ஃபைல் டிஸ்க்கிலிருந்து போயிருக்கலாம். ஆனால் அது ஏற்கெனவே மெமரியில் ஏறி ஓடிக்கொண்டிருப்பதால் சர்வர் பெரும்பாலும் எதுவும் நடக்காததுபோல் வேலைசெய்யும். அடுத்த ரீபூட்டில்தான் கதை தெரியும். ‘எதற்கும் ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்’ என்று பிரிட்ஜ் காலில் ஒருவர் கட்டாயம் சொல்வார். பணிவாக, ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். அன்றிரவு பேட்ச் விண்டோ இருந்தால் ரத்துசெய்யச் சொல்லுங்கள். ஆட்டோ ரீஸ்டார்ட் பாலிசி, ஷெட்யூல் செய்த மெயின்டனன்ஸ் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கும் சர்வரில் ஃபைலைத் திரும்ப வைப்பது பத்து நிமிட வேலை. விழுந்த சர்வரில் அதே வேலை பாதி ஷிஃப்ட்டைத் தின்றுவிடும்.

2. பரவுவதை நிறுத்துங்கள், ஆன்டிவைரஸைக் கழற்றாதீர்கள்.

மேனேஜ்மென்ட் கன்சோலில் டெஃபனிஷன் அப்டேட்டை நிறுத்திவையுங்கள். அந்தக் குறிப்பிட்ட டிடெக்‌ஷன் பெயருக்கு ‘குவாரன்டைன்’ அல்லது ‘டெலீட்’ என்று இருக்கும் ஆக்‌ஷனை, தகவல் மட்டும் சொல்லும் நிலைக்கு மாற்றுங்கள். பதற்றத்தில் ஆன்டிவைரஸையே அன்இன்ஸ்டால் செய்பவர்கள் உண்டு. குவாரன்டைனில் இருக்கும் ஃபைல் அந்தப் புராடக்டின் பூட்டுக்குள் இருக்கிறது. புராடக்டைக் கழற்றினால், கையில் இருந்த ஒரே நகலும் அதோடு போய்விடலாம்.

பாதுகாப்பைத் தளர்த்தும் எந்தக் காரியத்தையும் செக்யூரிட்டி டீமின் எழுத்துபூர்வமான ஒப்புதலுடன் செய்யுங்கள். சாட்டில் ஒரு வரி போதும். நாளை தணிக்கை வந்தால் உங்கள் வேலையைக் காப்பாற்றப்போவது அந்த வரிதான்.

3. உண்மையிலேயே ஃபால்ஸ் பாசிட்டிவ்தானா?

அவசரக்காரர்கள் தாண்டிப்போகும் இடம் இது. எல்2-விலிருந்து எல்3-க்குப் போகும் வாசலும் இதுவே. அடையாளங்களைச் சேர்த்துப் பாருங்கள். டெஃபனிஷன் அப்டேட் இறங்கிய சில நிமிடங்களில், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பல சர்வர்களில், ஒரே டிடெக்‌ஷன் பெயர், ஒரே ஃபைல். அந்த ஃபைல் பல மாதங்களாக அதே இடத்தில் இருப்பது. பாதிக்கப்படாத இன்னொரு சர்வரில் உள்ள நகலின் ஹாஷும் டிரைவர் வெண்டாரின் பேக்கேஜில் உள்ள ஹாஷும் ஒன்றாக இருப்பது. டிஜிட்டல் சிக்னேச்சர் செல்லுபடியாவது. இத்தனையும் பொருந்தினால் சந்தேகம் பெருமளவு தீரும்.

சிக்னேச்சர் சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ‘சேஃப்’ என்று சொல்லிவிடாதீர்கள். இன்றைய தாக்குதல்காரர்கள், ஓட்டை உள்ள ஆனால் முறையாகக் கையெழுத்தான பழைய டிரைவர்களைக் கொண்டுவந்து இறக்கித்தான் கெர்னலுக்குள் நுழைகிறார்கள். 2025 மார்ச்சில் டிஃபென்டர் வின்ரிங்0 என்ற டிரைவரைப் பிடித்தது. ஃபேன் வேகம், வெப்பநிலை காட்டும் பல மென்பொருள்கள் அதைத்தான் உள்ளே வைத்திருந்தன. பயன்படுத்தியவர்கள் பலர் ஃபால்ஸ் பாசிட்டிவ் என்றார்கள். ஆனால் அந்த டிரைவரில் 2020-லேயே பதிவான பாதுகாப்பு ஓட்டை இருந்தது. பிடித்ததில் தவறு சொல்ல முடியாது. அப்படிப்பட்ட டிரைவரைத் தேடி எடுத்துத் திரும்ப வைத்தால், நீங்களே கதவைத் திறந்துவிட்டவர் ஆவீர்கள்.

வைரஸ்டோட்டலில் ஹாஷை மட்டும் தேடுங்கள். கிளையன்ட் சர்வரிலிருந்து ஃபைலை எடுத்து அங்கே அப்லோடு செய்யாதீர்கள். ஆன்டிவைரஸ் வெண்டாரிடம் உச்ச முன்னுரிமையில் ஒரு டிக்கெட் போட்டு, ஃபைல் மாதிரியை அவர்களின் அதிகாரபூர்வ வழியில் அனுப்புங்கள். டிக்கெட் எண்ணைப் பிரிட்ஜ் காலில் சொல்லுங்கள். அந்த எண்ணை முதலில் சொல்பவர் பக்கம் எல்லோரும் திரும்புவார்கள்.

4. பட்டியல் போடுங்கள்.

கன்சோலிலிருந்து டிடெக்‌ஷன் லாகை எக்ஸ்போர்ட் செய்து, சர்வர் இன்வென்டரியோடு பொருத்துங்கள். ஃபைல் போனாலும் ஓடிக்கொண்டிருப்பவை, ரீபூட் ஆகி விழுந்தவை, தப்பித்தவை என்று மூன்று பிரிவு. எதை முதலில் எழுப்புவது என்பதை அப்ளிகேஷன் ஓனரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். டொமைன் கன்ட்ரோலர் விழுந்திருந்தால் அதுதான் முதல். அது இல்லாமல் மற்றவற்றில் லாகின்கூட செய்ய முடியாமல் போகலாம்.

5. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களைக் காப்பாற்றுங்கள்.

இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் விலக்கு அல்லது திருத்திய டெஃபனிஷன் அந்த சர்வரில் இறங்கியிருக்க வேண்டும். பிறகுதான் குவாரன்டைனிலிருந்து ரெஸ்டோர். மாற்றிச் செய்தால், நீங்கள் வைத்த ஃபைலை ஆன்டிவைரஸ் அடுத்த நொடியே மறுபடி தூக்கிவிடும். விலக்கு கொடுக்கும்போது ஃபோல்டர் முழுவதற்கும் கொடுக்காதீர்கள். அந்த ஒரு ஃபைலின் ஹாஷுக்கு மட்டும் கொடுங்கள், காலாவதித் தேதியும் வையுங்கள்.

குவாரன்டைனில் ஃபைல் இல்லையென்றால் விண்டோஸின் டிரைவர்ஸ்டோர் ஃபோல்டரைப் பாருங்கள். இன்ஸ்டால் ஆன ஒவ்வொரு டிரைவர் பேக்கேஜின் நகலும் அங்கே இருக்கும். ஆனால் அந்த நகலுக்கும் அதே ஹாஷ் என்பதால் ஆன்டிவைரஸ் அதையும் எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது அதே மாடல், அதே விண்டோஸ் வெர்ஷன், அதே டிரைவர் வெர்ஷன் உள்ள ஒரு சர்வரிலிருந்து பிஎன்பியூட்டில் கருவியால் பேக்கேஜை எக்ஸ்போர்ட் செய்து கொண்டுவாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் நேற்றைய பேக்கப்பிலிருந்து அந்த ஒரு ஃபைலை மட்டும் ரெஸ்டோர் செய்யலாம், அல்லது எச்பிஇ, டெல், விஎம்வேர் போன்ற வெண்டாரின் தளத்திலிருந்தே எடுக்கலாம். கூகுளில் தேடினால் முதலில் வரும் ‘டிரைவர் டவுன்லோடு’ தளங்கள் பக்கம் போகவே வேண்டாம். ஒரு ஃபால்ஸ் பாசிட்டிவை உண்மையான வைரஸாக மாற்றும் வழி அது.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆன்டிவைரஸ் ‘சுத்தம்’ செய்யும்போது ஃபைலோடு ரெஜிஸ்ட்ரியில் உள்ள சர்வீஸ் என்ட்ரியையும் நீக்கியிருக்கலாம். ஃபைல் திரும்பி வந்துவிட்டது என்று நிம்மதியாக ரீபூட் செய்வீர்கள். என்ட்ரி இல்லாததால் டிரைவர் ஏறாது. எனவே ஃபைல், சர்வீஸ் என்ட்ரி, அதன் ஸ்டார்ட் மதிப்பு, சிக்னேச்சர் ஆகிய நான்கையும் சரிபாருங்கள். சந்தேகம் இருந்தால் .சிஸ் ஃபைலை மட்டும் காப்பி செய்யாமல் பேக்கேஜையே மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு முக்கியத்துவம் குறைந்த ஒரே ஒரு சர்வரை, கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு ரீபூட் செய்து பாருங்கள். அது எழுந்தபின் மற்றவை.

6. விழுந்த சர்வர்களை எழுப்புங்கள்.

ஸ்டோரேஜ் டிரைவர் போயிருந்தால் ‘இன்அக்சஸபிள் பூட் டிவைஸ்’ என்ற நீலத் திரை வரும். சேஃப் மோடும் உதவாது. டிஸ்க்கே தெரியாதபோது எந்த மோடிலும் விண்டோஸ் ஏறாது. ஃபிசிக்கல் சர்வர் என்றால் ஐடிராக் அல்லது ஐஎல்ஓ வழியாக நுழைந்து, வர்ச்சுவல் மீடியாவில் விண்டோஸ் சர்வர் ஐஎஸ்ஓ-வை மவுன்ட் செய்து, ரிப்பேர் கமாண்ட் பிராம்ப்டுக்குப் போங்கள். அங்கேயும் டிஸ்க் தெரியாமல் போகலாம், காரணம் அந்த ஐஎஸ்ஓ-விலும் உங்கள் ரெய்டு கார்டின் டிரைவர் இல்லாதிருக்கலாம். டிஆர்வி-லோடு கமாண்டால் அதை முதலில் ஏற்றுங்கள். டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும்; ‘சி’ என்று நினைத்தது ‘டி’ ஆகியிருக்கும். பார்த்து உறுதிசெய்துவிட்டு, டிஸ்ம் கருவியால் விழுந்த விண்டோஸ் இமேஜுக்குள் டிரைவரைச் சேருங்கள். அது ஃபைலை வைப்பதோடு பூட்டுக்கு வேண்டிய ரெஜிஸ்ட்ரி வேலையையும் செய்துவிடும்.

எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டினால் எல்லாம் சரியாகும் என்று காத்திருந்து ஒரு மணி நேரத்தை வீணாக்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது விண்டோஸின் சொந்த ஃபைல்களைத்தான் சரிசெய்யும். ரெய்டு கார்டு வெண்டார் கொடுத்த டிரைவர் அதன் கணக்கிலேயே இல்லை.

டிஸ்க்கில் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க ரெகவரி கீ வேண்டும். 2024 ஜூலையில் பல நிறுவனங்களின் நேரத்தை விழுங்கியது இந்தக் கீயைத் தேடும் வேலைதான். கீயைப் பாதுகாத்து வைத்திருக்கும் சர்வரே விழுந்திருந்தால்? அந்தக் கேள்வியை இன்றே உங்கள் மேனேஜரிடம் கேட்டுவையுங்கள்.

வர்ச்சுவல் மெஷின் என்றால் வழி சுலபம். விழுந்த மெஷினின் டிஸ்க்கை நன்றாக ஓடும் இன்னொரு மெஷினில் இணைத்து, அங்கிருந்தே ஃபைலைச் சரிசெய்யலாம். கிரவுட்ஸ்டிரைக் நாளில் அஷ்யூர் பயனாளர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன வழிகளில் இதுவும் ஒன்று. விஎம்வேரில் பாராவர்ச்சுவல் ஸ்கசி டிரைவர் போயிருந்தால், கன்ட்ரோலரைத் தற்காலிகமாக எல்எஸ்ஐ லாஜிக் சாஸ் என்று மாற்றிப் பாருங்கள். அதன் டிரைவர் பல விண்டோஸ் சர்வர் பதிப்புகளில் ஏற்கெனவே இருப்பதால் மெஷின் எழ வாய்ப்புண்டு. பிறகு விஎம்வேர் டூல்ஸை மறுபடி போட்டுவிட்டுப் பழைய கன்ட்ரோலருக்குத் திரும்பலாம். விஎம்எக்ஸ்நெட்3 போயிருந்தால் தற்காலிகமாக இ1000இ கார்டு ஒன்றைச் சேருங்கள். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்ற ஆசை வரும். டேட்டாபேஸ் சர்வரிலும் டொமைன் கன்ட்ரோலரிலும் அந்தந்த டீமைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள். டிரைவரை மீட்கப்போய் அன்றைய டிரான்சாக்‌ஷன்களைத் தொலைத்தால் யாரும் மன்னிக்கமாட்டார்கள்.

நெட்வொர்க் டிரைவரைத் திரும்பப் போட்டதும் விண்டோஸ் அதைப் புதிய கார்டாக எடுத்துக்கொள்வதுண்டு. நிலையான ஐபி முகவரி பழைய, கண்ணுக்குத் தெரியாத கார்டிலேயே தங்கிவிடும். சர்வர் எழுந்தும் யாருக்கும் எட்டாது. ஐபி, கேட்வே, டிஎன்எஸ் விவரங்கள் கையில் தனியாக இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

7. பிரிட்ஜ் காலில் பேசும் முறை.

டெக்னிக்கல் வேலையில் நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், காலில் இருப்பவர்களுக்குத் தெரிவது உங்கள் குரல் மட்டுமே. அரை மணிக்கு ஒருமுறை மூன்று விஷயம் சொல்லுங்கள்: எத்தனை சர்வர் எழுந்தது, எத்தனை பாக்கி, அடுத்த அரை மணியில் என்ன செய்யப்போகிறோம். தெரியாததை ‘இன்னும் உறுதியாகவில்லை, நான்கு மணிக்குச் சொல்கிறேன்’ என்று சொல்லி, நான்கு மணிக்கே சொல்லுங்கள். வெண்டாரைத் திட்டாதீர்கள், அந்த வெண்டாரைத் தேர்ந்தெடுத்தவர் அதே காலில் இருக்கலாம். ‘செக்யூரிட்டி டீம்தான் காரணம்’ என்ற வாக்கியமும் வேண்டாம்.

இன்னொரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: டைம்லைன் எழுதும் வேலை. யாரும் விரும்பாத வேலை அது. எத்தனை மணிக்கு என்ன நடந்தது, யார் ஒப்புதல் கொடுத்தார், என்ன கமாண்ட் ஓடியது என்பதை இந்திய நேரத்திலும் யுடிசி நேரத்திலும் பதிவு செய்யுங்கள். சம்பவம் முடிந்ததும் ஆர்சிஏ (மூலகாரண அறிக்கை) எழுத உங்களைத்தான் அழைப்பார்கள். மேலிடம் வரை போகும் அந்த ஆவணத்தில் முதல் பெயராக இருப்பது, பத்து சர்வரை எழுப்பியதைவிட உங்களை அதிக தூரம் கொண்டுபோகும். இது நியாயமா என்று கேட்டால், ஆபீஸ் அப்படித்தான் இயங்குகிறது.

8. ஆர்சிஏ-வில் தீர்வோடு போங்கள்.

என்ன நடந்தது என்று எழுத பத்துப் பேர் இருப்பார்கள். மறுபடி நடக்காமலிருக்க எவ்வளவு செலவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதுபவர் குறைவு. டெஃபனிஷன் அப்டேட் எல்லா சர்வருக்கும் ஒரே நொடியில் போகாமல், முதலில் சோதனை சர்வர்கள், சில மணி நேரம் கழித்து முக்கியமில்லாதவை, கடைசியில் முக்கியமானவை என்று அலையலையாகப் போகும்படி கேளுங்கள். டிஃபென்டர் உட்படப் பல புராடக்டுகளில் இந்த வசதி உண்டு. தாமதத்துக்கும் விலை உண்டு, புதிய மால்வேர் வந்தால் அந்தச் சில மணி நேரம் பாதுகாப்பு குறையும். அதையும் நீங்களே எழுதிவிடுங்கள். இரண்டு பக்கமும் பார்த்தவர் என்ற பெயர் அப்போதுதான் கிடைக்கும்.

9. வீட்டில் பழகுங்கள்.

மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் சர்வரின் 180 நாள் எவாலுவேஷன் பதிப்பை இலவசமாகத் தருகிறது. 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் போதும். ஒரு வர்ச்சுவல் மெஷின் போட்டு, ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, அதன் ஸ்டோரேஜ் டிரைவரை வேண்டுமென்றே நீக்கி ரீபூட் செய்யுங்கள். நீலத் திரையிலிருந்து டிஸ்ம் வழியாக எழுப்புங்கள். கை பழகும்வரை செய்யுங்கள். குவாரன்டைன், ரெஸ்டோர், விலக்கு ஆகியவற்றைப் பழக ஐகார் என்ற 68 பைட் சோதனை ஃபைல் இருக்கிறது. எந்தத் தீங்கும் செய்யாது, ஆனால் ஆன்டிவைரஸ்கள் பிடிக்கும். எல்லா சோதனையும் உங்கள் சொந்த மெஷினில்தான். ஆபீஸ் நெட்வொர்க்கில் வேண்டாம்.

10. ரெஸ்யூமேயிலும் இன்டர்வியூவிலும்.

‘ஆன்டிவைரஸ் நிர்வாகத்தில் அனுபவம்’ என்ற வரி எல்லார் ரெஸ்யூமேயிலும் இருக்கிறது. அதை அடித்துவிட்டு, எத்தனை சர்வர், எந்த வகை டிரைவர், எவ்வளவு நேரத்தில் மீட்பு, அதில் உங்கள் பங்கு எது என்று எழுதுங்கள். கிளையன்ட் பெயர் வேண்டாம். ரகசிய ஒப்பந்தத்தை மீறுபவரை அடுத்த கம்பெனி நம்பாது. இதுவரை அப்படியொரு சம்பவம் உங்களுக்கு வாய்க்கவில்லையென்றால், லேபில் செய்ததை லேபில் செய்தது என்றே சொல்லுங்கள். ‘சர்வர் டிரைவரை ஆன்டிவைரஸ் எடுத்துவிட்டது, முதலில் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால், பெரும்பாலோர் கமாண்ட் பெயர்களை அடுக்குவார்கள். ‘முதலில் ரீபூட்டைத் தடுப்பேன்’ என்று தொடங்குங்கள். பேனலில் இருப்பவர் பேனாவைக் கையில் எடுப்பார்.

இந்த வார ஷிஃப்ட் முடிவதற்குள் மூன்று காரியம் செய்துவிடுங்கள். உங்கள் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு சர்வர் மாடலிலிருந்தும் டிரைவர் பேக்கேஜுகளை எக்ஸ்போர்ட் செய்து, அந்த சர்வர்களுக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். ஐடிராக், ஐஎல்ஓ பாஸ்வேர்டுகள் இன்னும் வேலைசெய்கின்றனவா என்று லாகின் செய்து பாருங்கள். பிட்லாக்கர் கீக்கள் எங்கே இருக்கின்றன, அந்த இடம் விழுந்தால் யாரிடம் நகல் இருக்கிறது என்று மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள், உங்கள் டீம் லீடை சிசி-யில் வைத்து.